ஓட்டுமேல் இன்னொரு காலடி

கடலோரத் தெருக்களில் அவளை எல்லோரும் ஓட்டுக்காரி என்றே கூப்பிட்டார்கள். பெருங்காற்று ஓய்ந்தால் போதும், பழைய வீடுகளிலிருந்து அவளைத் தேடி ஆள் வரும். முன்பு அது அவள் கணவனின் வேலை. அவள் ஏணியில் நின்று ஓடு எடுத்துக் கொடுப்பாள். ஒரு மழைக்காலத்தில், மரவாடிக்காரர் வீட்டுக் கூரையில், ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் கட்டை உளுத்து ஒடிந்து அவன் உள்ளே விழுந்து செத்தான். அவனுக்கு நீட்டிய ஓடு அவள் கையிலேயே இருந்தது.

துக்கம் ஆறுமுன்பே அவள் கூரையேறினாள்.

"அண்ணி, உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினான் கொழுந்தன்.

"வயித்துக்குத் தெரியுமா அதெல்லாம்? நீ கயித்தைப் பிடி."

முதல் நாளே கேட்டது. அவள் ஓர் அடி வைத்தால், ஒரு முழம் தள்ளி இன்னோர் ஓடு முனகியது. திரும்பினால் யாருமில்லை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட அவன் நடை. ஓரிடத்தில் அந்த ஓசை சட்டென்று நின்றது. அவளும் நின்றாள். முன்னாலிருந்த ஓட்டைத் தூக்கிப் பார்த்தாள். கட்டை மாவாய் உதிர்ந்தது.

அன்றிலிருந்து ஓசை போன வழியில்தான் போனாள்.

"மேல தனியா யார்கிட்ட பேசுறீங்க?" என்பான் கொழுந்தன்.

"உன் அண்ணனைத் திட்டுறேன். செத்தும் என்னை விட்டுத் தொலைய மாட்டேங்குறாரு."

அவன் சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள்.

போன பெருங்காற்றில், ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருத்தியின் வீட்டில் பாதி முகடு பறந்துவிட்டது. ஓட்டுக்காரி மேலே ஏறி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கடல்தான் இரைந்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

ஒன்றுமில்லை. போயேவிட்டாரா? இல்லை, கால் வைக்க ஓரிடம்கூட மிச்சமில்லையா?

"இறங்கிடுங்க அண்ணி!"

"கயித்தை இறுக்கிப் பிடி."

சுத்தியல் காம்பால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டினாள். திடமாகச் சத்தம் வந்த இடத்தில் மட்டும் கால் வைத்தாள். முகட்டை மூடி இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.

நர்ஸம்மா தண்ணீர் கொடுத்தாள்.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்மா."

"இரேன். எனக்கும் இன்னும் படபடன்னுதான் இருக்கு."

இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடு அசைந்தபோதெல்லாம் ஓட்டுக்காரி அண்ணாந்து பார்த்தாள். வெறும் காற்று.