வெளிநாட்டு மூட்டையும் இருபத்தெட்டு நாளும்

1. வண்டி வராத காலை

அன்று காலை எங்கள் பேக்கிங் பிளாண்ட்டில் ஒரு மூட்டைகூட ஏறவில்லை. மெஷின் நன்றாகத்தான் இருந்தது. கரண்ட்டும் இருந்தது. ஏற்றிக்கொண்டு போக லாரி வரவில்லை. வழக்கமாக கேட்டிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் நிற்கும் வண்டி வரிசையில் அன்றைக்கு நான்கு ஆடுகள் படுத்திருந்தன.

2007ஆம் ஆண்டின் தொடக்கம் அது. அரியலூரில் ஒரு சிமெண்ட் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் நான் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு 95ல் சேர்ந்தபோது லேபில் நான் ஒருத்திதான் பெண். அதனால் தப்பாக எழுதினால் உடனே கண்ணில் படும் என்ற பயத்திலேயே எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்து எழுதப் பழகியிருந்தேன்.

லாரி ஏன் வரவில்லை என்பது கேண்டீனில் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் சிமெண்டுக்கு இருந்த இறக்குமதி வரியை அரசாங்கம் எடுத்துவிட்டதாம். சிமெண்ட் விலை ஏறிப்போனதால் வெளியிலிருந்து வரவழைத்து விலையை இறக்கப் பார்க்கிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. விலை இறங்கட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று டீலர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மத்தியானத்துக்குள் செய்தி வளர்ந்துவிட்டது. பத்துக் கப்பல் கிளம்பிவிட்டது என்றார்கள். மூன்று மாதத்தில் ஃபேக்டரியை மூடுவார்கள் என்றார்கள். பேக்கிங்கில் இருந்த ஒருவருடைய பெண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருந்த இடத்திலிருந்து, "ஃபேக்டரி இருக்குமா, இருக்காதா, ஒரு வார்த்த தெரிஞ்சா தேவலங்க" என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே குரும்பலூரிலிருந்து என் தம்பி முருகேசன் போன் செய்தான். அவன் கட்டிக்கொண்டிருந்த வீடு ஜன்னலுக்கு மேல் லிண்டல் மட்டத்தில் நின்றிருந்தது. விலையைப் பார்த்து ஏற்கெனவே மேஸ்திரியிடம் மெதுவாகச் செய்யச் சொல்லியிருந்தான்.

"அக்கா, வேலைய சுத்தமா நிறுத்திட்டேன். கப்பல் வரட்டும், மேல ஏத்திக்கலாம்."

அந்தக் கப்பல் வந்தால் உன் அக்காவின் வேலை போகும் என்று சொன்னேன். "அதுவும் இருக்குல்ல," என்றான். பிறகு, கப்பல் எப்போது வரும் என்று கேட்டான்.

2. எரியாத சரக்கு

எங்கள் யூனியன் செயலாளர் தனபால் அண்ணன் கில்னில் வேலை பார்த்தவர். கில்ன் என்பது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கிற உருளை உலை. அதன் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, சாதாரணமாக "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டாலே மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் மனிதர் நேர்மையானவர்.

மறுநாள் அவர் லேபுக்கு வந்து, கேட் மீட்டிங் போடுவதாகவும் அதில் வெளிநாட்டு சிமெண்டைக் கொளுத்தப் போவதாகவும் சொன்னார். சிமெண்ட் எரியாது என்றேன். ஆயிரத்து நானூறு டிகிரியில் சுட்டு எடுத்த சரக்கு, இனிமேல் தீக்குச்சிக்கு அதற்கு என்ன ஆகிவிடும்? அதை அவரே இருபது வருடமாகச் சுட்டுக்கொண்டிருப்பவர். ஒரு நிமிஷம் யோசித்தார்.

"அப்ப மூட்டைக்குள்ள வைக்கோல அடைச்சிருவோம்."

வைக்கோல் கிடைத்தது. வெளிநாட்டு மூட்டைதான் கிடைக்கவில்லை. அரியலூரில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. கடைசியில் எங்கள் ஃபேக்டரி சாக்கு ஒன்றையே உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, அதில் பெயிண்ட்டால் 'வெளிநாட்டு சிமெண்ட்' என்று எழுதி, கழியில் கட்டித் தூக்கி வந்தார்கள்.

கூட்டத்தில் பேச ஒரு கட்சிக்காரரும் வந்திருந்தார். அவருடைய கட்சி டெல்லியில் ஆள்கிறவர்களோடு கூட்டணியில் இருந்தது. பாவம், அரை மணி நேரம் ஆவேசமாகப் பேசியவர், வரியை எடுத்தது யார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. "வரி எடுக்கப்பட்டுவிட்டது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ மழையில் தானாகக் கரைந்துபோன மாதிரி.

பிறகு தீ வைத்தார்கள். பிளாஸ்டிக் சாக்கு சூடு பட்டதும் சுருங்கி, தையல் விட்டு, வைக்கோலைக் கொட்டிவிட்டு முழுசாகப் புரண்டது. உள்ளே இருந்த எங்கள் கம்பெனி பெயர் சிவப்பு எழுத்தில் வெளியே வந்தது. சரியாக அப்போதுதான் ஒரு நிருபர் போட்டோ எடுத்தார். மறுநாள் பேப்பரில், தங்கள் ஃபேக்டரி சிமெண்டையே எரித்துத் தொழிலாளர்கள் போராட்டம் என்று வந்தது. பாடாலூர் டீலர் ஒருவர் ஆபீசுக்குப் போன் போட்டு, "நீங்களே கொளுத்துறீங்கன்னா சரக்குல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று விசாரித்தார்.

3. மூட்டை வந்தது

இந்த அவமானத்துக்குப் பிறகு தனபால் அண்ணன் நிஜமான மூட்டை ஒன்றைக் கொண்டுவராமல் ஓயமாட்டேன் என்றார். தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்ட் ஒருவரிடம் அவருடைய மச்சான் வேலை பார்த்தார். மாதிரிக்கென்று வந்திருந்த மூட்டைகளில் ஒன்றை அவர் மூலமாகக் கேட்டு வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை குட்டியானை வேனில் ஏற்றி லேப் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் போல ஐம்பது பேர் சுற்றி நின்று அந்த மூட்டையைப் பார்த்தார்கள். ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்மளுது மாதிரியேதான் இருக்கு," என்றார், ஏமாற்றத்தோடு.

வரியைத் திரும்பப் போடச் சொல்லிக் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறார்கள், அதோடு இந்த சிமெண்ட் மட்டம் என்று லேப் ரிப்போர்ட் இணைக்க வேண்டும். இதில் மட்டும் யூனியனும் நிர்வாகமும் ஒற்றுமையாக இருந்தன. எங்கள் லேப் மேனேஜர் கல்யாணராமன் சார் என்னைக் கூப்பிட்டு, இதையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து க்யூப் போடச் சொன்னார்.

க்யூப் என்றால், சிமெண்டையும் குறிப்பிட்ட மணலையும் தண்ணீரையும் கலந்து வார்க்கிற, கையில் அடங்கும் சதுரக் கட்டி. அதைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று மெஷினில் வைத்து நசுக்குவோம். எவ்வளவு பாரம் தாங்கி உடைகிறதோ அதுதான் அதன் பலம்.

அன்றைக்கே நான் சாரிடம் ஒன்று சொன்னேன். வந்திருப்பது சாதா சிமெண்ட், ஆரம்பத்திலேயே வேகமாக இறுகும். நம்முடையது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது, மெதுவாகத்தான் ஏறும். இருபத்தெட்டு நாள் பொறுத்தால்தான் நியாயமான கணக்கு வரும். அவருக்குத் தெரியாததா? ஆனால் மனு அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை போகிறது, அதற்குள் ரிப்போர்ட் வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் நாள் க்யூப் உடைத்தோம். எப்போதும் நானும் மெஷினும் மட்டும் இருக்கும் அறையில் அன்று இருபது பேர். எங்கள் கட்டி முதலில் உடைந்தது. அடுத்து வந்த வெளிநாட்டுக் கட்டி, பாரம் காட்டும் முள்ளை மேலே தள்ளிக்கொண்டே போனது. உடைகிற பாடாக இல்லை.

தனபால் அண்ணன் மெஷினையே முறைத்தார். "ஏம்மா விமலா, இது எந்த ஊர் மெஷினு?"

"டெல்லிண்ணே."

"அதான பாத்தேன்," என்றார்.

ஏழாம் நாளும் அதே கதைதான். அன்றைக்கு மத்தியானம், கேட்டில் கோஷம் போட்டவர்களில் இரண்டு பேர் என்னிடம் தனித்தனியாக வந்து, அந்த மூட்டை எங்கே கிடைக்கும், வீட்டு வேலை பாதியில் நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

4. ரிப்போர்ட்

சனிக்கிழமை நாலு மணிக்குக் கல்யாணராமன் சார் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். எண்களைக் கொஞ்சம் பார்த்து எழுதச் சொன்னார். ரொம்ப வேண்டாம், இரண்டையும் இடம் மாற்றினால் போதும் என்றார். அவரும் சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

என் வீட்டுக்காரருக்கு அப்போது நிரந்தர வேலை இல்லை. மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது.

"சார், நம்ம மூட்டைக்கு மாசாமாசம் நான்தான் ரிப்போர்ட் எழுதுறேன். இதுல ஒரு தடவ பொய் எழுதுனேன்னு தெரிஞ்சா, அத்தனையும் பொய்யின்னு ஆயிடும் சார்."

நான் உள்ளபடியே எண்களை எழுதி, கீழே 'இருபத்தெட்டாம் நாள் முடிவு வர வேண்டியுள்ளது' என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். சார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மேலே இரண்டு பக்கத்துக்குக் கனமான இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். உள்நாட்டுத் தொழில், தொழிலாளர் வாழ்வு, நாட்டின் பாதுகாப்பு எல்லாம் அதில் வந்தன. என் ரிப்போர்ட்டைக் கடைசித் தாளாகப் பின்னால் வைத்துத் தைத்துவிட்டார். அவ்வளவு தூரம் யாரும் புரட்டமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை.

அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை இரண்டு பஸ் நிறைய ஆட்கள் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். நடந்ததைப் பிறகு கூடப்போனவர்கள் சொன்னார்கள். மனுவை வாங்கிய அதிகாரி நீளமான கடிதங்களைப் படித்துச் சலித்தவர் போலிருக்கிறது. நேராகக் கடைசித் தாளைத் திருப்பினார். படித்தார். தனபால் அண்ணனை நிமிர்ந்து பார்த்து, "வெளிநாட்டு சிமெண்டுதான் நல்லாருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே, அப்ப என்ன செய்யணும்ங்கிறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாராம். அண்ணனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் வரவில்லை. மனு கொடுத்ததற்கு ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எனக்கு ஆர்டர் வந்தது. லேபிலிருந்து குவாரிக்கு. வெயிலில் நின்று சுண்ணாம்புக்கல் சாம்பிள் பொறுக்கி, பையில் போட்டு, சீட்டு எழுதும் வேலை. முதல் நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது சோற்றின் மேல் வெள்ளையாகத் தூசி படிந்தது. அதைப் பார்த்து அழுகை வந்தது. எழுதியதற்காக வருத்தப்பட்டேனா என்று கேட்டால், ஆமாம், அன்றைக்கு வருத்தப்பட்டேன்.

5. சனிக்கிழமை

குவாரியில் மூன்றாவது வாரம். ஒரு சனிக்கிழமை காலை தனபால் அண்ணன் தன் டி.வி.எஸ். வண்டியில் வந்து நின்றார். பெரம்பலூரிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"இன்னைக்குத்தான இருவத்தெட்டு?"

ஊரே மறந்துவிட்ட அந்தக் கணக்கை அவர் காலண்டரில் குறித்து வைத்திருந்தார். அவர் வண்டியில் லேபுக்குப் போகும் வழியில் அவர் சொல்லித்தான் தெரியும், காலையிலேயே மேனேஜரிடம் போயிருக்கிறார். "அந்தப் பொண்ணு எழுதுனது பொய்யின்னா சொல்லுங்க, நானே கண்டிக்கிறேன். நெசம்னா எதுக்குக் குவாரிக்கு அனுப்புனீங்க?" என்று கேட்டிருக்கிறார். கில்ன் குரலில் கேட்டிருப்பார், ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும். சார் இந்தத் தடவையும் ஃபேனைப் பார்த்துவிட்டு, அழைத்து வரச் சொன்னாராம்.

லேபில் அன்றைக்குக் கூட்டம் இல்லை. அவரும் நானும் மட்டும்தான். தொட்டியிலிருந்து கட்டிகளை எடுத்துத் துடைத்து, முதலில் வெளிநாட்டுக் கட்டி மூன்றையும் உடைத்தேன். நல்ல பலம். அடுத்து எங்களுடையது. முள் ஏறியது. வெளிநாட்டுக் கட்டி உடைந்த இடத்துக்கு வந்தது, அதைத் தாண்டியது, இன்னும் கொஞ்சம் போய்த்தான் உடைந்தது. மூன்று கட்டியும் அப்படியே. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஆனாலும் எங்களுடையதுதான் மேலே.

தனபால் அண்ணன் உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இன்னொரு தடவ ஒடைச்சுக் காட்டேம்மா."

"ஒடைஞ்சத எப்படிண்ணே திரும்ப ஒடைக்கிறது?"

அவர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. சுட்டவர் அவர்தானே.

திங்கட்கிழமை நான் லேபுக்குத் திரும்பினேன். அண்ணன் புது ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெரம்பலூர் போனார். அங்கே அன்று குடிதண்ணீருக்காகக் காலிக்குடத்தோடு ஒரு கூட்டம். அதே அதிகாரி, "எந்த சிமெண்ட்டுங்க?" என்று கேட்டுவிட்டு, தபாலில் போடச் சொன்னாராம். அண்ணன் போடவில்லை. ஃப்ரேம் போட்டு யூனியன் ஆபீசில் மாட்டிவிட்டார்.

வெளிநாட்டு சிமெண்ட் எங்கள் பக்கம் வரவே இல்லை. துறைமுகத்திலிருந்து இங்கே கொண்டுவரும் லாரி வாடகை, வரி எடுத்ததில் கிடைத்த மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டது. காத்திருந்து பார்த்த டீலர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். விலை முன்பைவிடக் கொஞ்சம் கூடத்தான் செய்தது. முருகேசன் அந்த விலைக்கே எங்கள் சிமெண்டை வாங்கி மேலே ஏற்றினான். கப்பலை நான்தான் தடுத்துவிட்டதாக அவன் வீட்டில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. பேக்கிங்காரர் மகளின் கல்யாணம் நடந்தது. நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். கல்யாணராமன் சார் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு நீ எழுதுனது சரிதான் விமலா," என்றார். சொல்லிவிட்டு உடனே சாம்பார் கேட்டார்.

வரி போட்டாலும் பதறுவார்கள், எடுத்தாலும் பதறுவார்கள். எல்லாரும் லேபுக்கு ஓடி வருவார்கள், தங்களுக்கு வேண்டிய பதிலையும் கையோடு கொண்டு வருவார்கள். இப்போது அந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: கையெழுத்துப் போடும்போது வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். கட்டி எத்தனை நாளாகத் தண்ணீரில் கிடக்கிறது என்று பாருங்கள்.