ஒயில் கம்பியில் நான் போட்ட கோடு

தங்கச்சியின் புருசனிடம் ஒரு பழைய பெற்றோல் ஜீப் இருந்தது. கொண்டச்சிப் பக்கக் கரையில் ஓலையால் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்கிறவர்களின் மீனை மணலுக்குள்ளால் ஏற்றிவந்து, ரோட்டில் நிற்கும் ஐஸ் லொறிக்குக் கொடுப்பான். அந்த மணலில் லொறி இறங்காது. அவன் ஊர் வங்காலை, என் ஊர் தாழ்வுபாடு. இரண்டு பேருக்கும் ஒரே வயது; ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

மணலில் ஓடினால் பெற்றோல் தண்ணீர் மாதிரிப் போகும்.

"மச்சான், நான் ஓடுறது எனக்கில்லை. பெற்றோல் செட்காரனுக்கு" என்று சொல்லிச் சிரிப்பான். ஒரு வருசம் போக, சொல்லுவான், சிரிக்கமாட்டான். பிறகு சொல்லுவதும் இல்லை. அரபு நாட்டுக்கு ஆள் எடுக்கிற ஒருவரிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு வந்தான். அங்கே லொறி ஓட்டும் வேலை. தங்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். அவள் அவனோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

அதற்கு முந்திய சோளகக் காற்றில் என் வள்ளம் கல்லில் அடித்து உடைந்திருந்தது. டீசல் எஞ்சினை மட்டும் கழற்றி எடுத்து வீட்டில் சாக்கால் மூடி வைத்திருந்தேன். வேறு ஒருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"அந்த எஞ்சினைத் தாறன். ஜீப்புக்குப் போடு. டீசல் எண்டால் கட்டுப்படியாகும்" என்றேன்.

அவன் எழும்பிப் போய் ஜீப்பின் பொனட்டைத் திறந்து பார்த்தான்.

"உது ஓடிச்சுதெண்டால் நான் போகேல்லை" என்றான்.

தங்கச்சி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆள் எடுக்கிறவருக்கு மற்ற ஞாயிறு முடிவு சொல்லவேண்டும். பன்னிரண்டு நாள் இருந்தது.

மன்னார் டவுனில் லேத் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாஸ் வந்து பார்த்தார். வள்ளத்து எஞ்சினும் ஜீப்பின் கியர் பெட்டியும் ஒன்றோடொன்று சேராது. நடுவில் வைக்க ஒரு இரும்புத் தட்டுக் கடைந்துகொண்டு வந்தார். எஞ்சின் இருக்கிற இடத்தை வெட்டி ஒட்டினார். எஞ்சினின் வயிற்றிலிருந்து ஒயில் புகை வரும் குழாயை, காற்று இழுக்கிற வாயோடு கொழுவிவிட்டார். ஓட்டுகிறவனின் முகத்தில் புகை அடிக்கக்கூடாதாம்.

சைக்கிளில் போகிற சனம் நின்று பார்க்கும்.

"நங்கூரத்தை எங்க கட்டப்போறியள்?"

"பின்னால ஒரு வலையையும் போட்டு இழுங்கோவன்!"

மச்சானும் சிரித்தான். தங்கச்சி எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவனுக்கும் கையில் கொடுத்தாள்.

ஒயில் விடுவது என் வேலை. அந்த எஞ்சினை ஏழு வருசம் ஓட்டினவன் நான். ஒயில் பார்க்கும் கம்பியில் நான் அரத்தால் ராவிய கோடு ஒன்று இருந்தது. கடைசி நாள், சனிக்கிழமை, ஒயில் அந்தக் கோட்டைத் தொடுமட்டும் விட்டேன்.

பின்னேரம் ஸ்டார்ட் பண்ணினோம். தங்கச்சி கோயிலில் இருந்து எடுத்துவந்த தீர்த்தத்தைப் பொனட்டில் தெளித்தாள்.

"உள்ளுக்க போகாமல் தெளியும்" என்றான் மச்சான்.

"வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கோ."

எஞ்சின் பிடித்தது. வள்ளத்தில் கேட்ட அதே சத்தம். அவன் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். கரைக்கு இறங்கினோம். பாஸும் தங்கச்சியும் பின்னால் நடந்து வந்தார்கள். ஈர மணலில் நன்றாக ஓடியது. மேட்டில் ஏறக் காலை அமத்தினான்.

அப்போது சத்தம் மாறியது. ஏறிக்கொண்டே போனது. பின்னால் வெள்ளைப் புகை. அவன் பயத்தில் கியரைக் கழற்றிவிட்டான். சுமை இல்லாமல் இன்னும் கத்தியது. நிப்பாட்டுகிற கம்பியை இழுத்தான். நிற்கவில்லை. நான் குதித்துப் பொனட்டைத் திறந்து, டீசல் போகிற குழாயைக் கத்தியால் வெட்டினேன். அதற்கும் நிற்கவில்லை. அது தன் ஒயிலையே குடித்து ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்பில் கிடந்த சாக்கைச் சுருட்டிக் காற்று வாயில் அடைத்தேன். பாதியைக் கிழித்து இழுத்துக்கொண்டது.

"தள்ளி வாங்கோ! வெடிக்கப்போகுது!" என்று பாஸ் ஓடிவந்தார்.

தள்ளி நின்றோம். மூன்று ஆம்பிளைகள், சும்மா கையை வைத்துக்கொண்டு. அது கத்திக்கொண்டே இருந்தது.

தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றாள்.

"அதை நிப்பாட்டுங்கோவன்! ஆராவது நிப்பாட்டுங்கோவன்!"

படீரென்று ஒரு அடி. இரும்பு உடைந்து பக்கத்தால் வெளியே வந்தது. பிறகு கடல் சத்தம் கேட்டது. மணலில் ஒயில் ஊறியது.

பாஸ் குனிந்து பார்த்தார்.

"ஒயில் எவ்வளவு விட்டனீ?"

"கோடுமட்டும்."

"எந்தக் கோடு?"

கம்பியை இழுத்துக் காட்டினேன். விரலால் கோட்டைத் தடவினார்.

"வள்ளத்தில எஞ்சின் எப்பிடி இருந்தது?"

உள்ளங்கையைச் சரித்துக் காட்டினேன். தலை மேலே, வால் கீழே. அப்படிக் காட்டும்போதே எனக்கு விளங்கிவிட்டது. சரிந்திருக்கிற எஞ்சினில் ஒயில் வாலடியில் தேங்கும். கம்பியும் வாலடியில்தான். அதனால் கோடு உயரத்தில் இருந்தது. ஜீப்பில் எஞ்சின் மட்டமாக இருந்தது. மட்டத்தில் அதே கோடுமட்டும் விட்டால் ஒயில் கூட. கூடின ஒயில் பாஸ் கொழுவிய குழாயால் காற்று வாய்க்குள் போயிருக்கிறது.

"மட்டத்தில இது கூட" என்று பாஸ் கம்பியை என்னிடம் தந்தார். மச்சான் கேட்டுக்கொண்டு நின்றான். தங்கச்சி மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"அவளிட்டச் சொல்லாதை" என்றான் மச்சான்.

"நான்தானே செய்தனான்."

"விடு. நான் அங்க போனால் அவளுக்கு நீதான். உன்னோட கோவிச்சுக்கொண்டு ஆரிட்டப் போவாள்?"

அவள் வந்ததும், "எஞ்சின் பழசு. தாங்கேல்லை" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மணலைப் பார்த்தேன்.

ஞாயிறு பூசை முடிய அவன் ஆள் எடுக்கிறவரிடம் போய், ஓம், வாறன் என்று சொல்லிவிட்டு வந்தான். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். தங்கச்சி அவனுக்குக் கேட்கத்தான் சொன்னாள்.

"அண்ணை, அவருக்குப் போகத்தான் விருப்பம். எஞ்சின் ஒரு சாட்டு. நல்லாப் பாத்து ஓட்டியிருந்தால் உடைஞ்சிருக்குமோ?"

மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். திரும்பவும் வாளியைக் கிணற்றில் விட்டான்.

"சொல்லுங்கோ அண்ணை. உடைஞ்சிருக்குமோ?"

"தெரியேல்லை" என்றேன்.

வியாழக்கிழமை பஸ்சுக்கு அவன் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அவள் ரோட்டுக்கு வரவில்லை.