நின்றால் ஓடும் நெஞ்சு

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கல்லூரி முடித்த எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூர் பிரேசர் டவுனில் எங்கள் சர்ச்சில் குருத்து ஞாயிறு பூசை. அன்றைக்கு இயேசுவின் பாடுகளை நீளமாக வாசிப்பார்கள், முடியும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். பாதியிலேயே என் நெஞ்சு படபடவென்று அடித்தது. கண் இருட்டி, கையில் பிடித்த குருத்தோலையோடு பெஞ்சுகளுக்கு நடுவே விழுந்தேன்.

முகத்தில் தண்ணீர் தெளித்த ஆன்ட்டி, "பொண்ணுக்கு ஏதாவது விசேஷமா?" என்று அம்மாவின் காதில் கேட்டது எனக்கும் கேட்டது. அட கடவுளே! கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

அதன்பிறகு நிற்கவே பயந்தேன். எல்லோரும் நிற்கும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். பார்வைகள் முதுகில் குத்தும். படபடப்பு என்று சொன்னாலே, "பயந்த சுபாவம்" என்று முடித்துவிடுவார்கள். அம்மா ஒரு வேலையும் செய்ய விடவில்லை. படுத்துப் படுத்தே இன்னும் மோசமானேன். விஷயம் பரவி, வந்த வரனும் தட்டிப்போனது.

கடைசியில் ஒரு கன்னட டாக்டரம்மாவிடம் போனோம். படுக்கவைத்து நாடி பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். "இது பய அல்லம்மா" என்றார். பயம் இல்லையாம்! நின்றதும் இதயத்தின் வேகத்தை அடக்க வேண்டிய நரம்புகள் தடுமாறுகின்றன, இளம்பெண்களுக்கு வருவதுதான் என்றார். ஒருவராவது நம்பினாரே என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

உடற்பயிற்சிதான் முக்கியம் என்று அவர் சொன்னதும் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "சும்மா இருக்கறப்பவே குதிரை மாதிரி ஓடுது, இன்னும் ஓட வைக்கணுமாம்!" ஆனாலும் படுத்தபடியே காலால் சைக்கிள் மிதிப்பதில் தொடங்கினேன். மெதுவாக உட்கார்ந்து செய்தேன், பிறகு நடந்தேன். அம்மா பக்கத்தில் ஜெபமாலையோடு காவல். சில நாள் சுருண்டு கிடந்ததும் உண்டு. முழுசாகப் போகவில்லை, வெயில் நாளில் இன்றும் எட்டிப் பார்க்கும். ஆனால் அடுத்த குருத்து ஞாயிறு, பாடுகள் முடியும்வரை நின்றேன். அம்மா வாசகத்தைக் கேட்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வருடம் கழித்து, அதே வாசகத்தின்போது முன் பெஞ்சில் ஒரு இளம்பெண் முகம் வெளுத்துத் தனியாக உட்கார்ந்தாள். பின்னால் குசுகுசுப்பு. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவோ பாடுபட்டு நிற்கக் கற்றுக்கொண்டவள் நான், ஆனால் அன்று உட்கார்ந்ததுதான் இன்றும் எனக்கு நிறைவாக இருக்கிறது.