ஆறுமணிக்குருவியைக் கூப்பிட்டேன்

ஐப்பசி மழை தொடங்கியதும், பசுமலையில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்குள் ஓர் ஆறுமணிக்குருவி வந்திருந்தது. பச்சை முதுகு, நீலம் மின்னும் இறக்கை, அடிவயிற்றில் சிவப்பு. குளிர்காலத்தைக் கழிக்க இமயமலை அடிவாரத்திலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வரும் சின்னப் பறவை. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கூவும். மற்ற நேரமெல்லாம் புதருக்குள் சருகைக் கிளறிப் புழு தேடும்.

மூன்று நாள் கேமராவோடு காத்திருந்தும் ஒரு படம்கூட அமையவில்லை. வளாகம் கூட்டும் பேச்சியம்மா, "அலுத்துப்போயி வந்திருக்கு சார். ரெண்டு நாள் விடுங்க, பயம் தெளிஞ்சா அதுவா வெளிய வரும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும், செல்போனில் அதே பறவையின் குரலை ஒலிக்கவிட்டேன். தன் இடத்துக்குப் போட்டி வந்துவிட்டதென்று நினைத்து, அது வெட்டவெளிக்கு ஓடிவந்து நெஞ்சை நிமிர்த்திக் கூவியது. படமெடுத்துக்கொண்டே இருந்தேன். பூனை பாய்ந்ததைக் கேமரா வழியாகத்தான் பார்த்தேன். நான் கத்துவதற்குள் குருவியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வந்த பேச்சியம்மா படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். "எம்புட்டு அழகு! நாளைக்கும் வருமா சார்?"

"வரும்" என்றேன்.

அன்று மாலையே படத்தை இணையத்தில் போட்டேன். பாராட்டு குவிந்தது. இவ்வளவு கிட்டத்தில் எப்படி எடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"பொறுமைதான்" என்று பதில் எழுதினேன்.

அந்தப் பூனைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குப் பசி. எனக்கு என்ன இருந்தது என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.