நிறுத்தச் சொல்லும் கை

துறைமுகத்தில் உச்சாணி என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சம்பளப் பட்டியல் போடுகிறவரே கொஞ்ச நேரம் யோசிப்பார். பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளை அசைத்துக் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்கும் கிரேன் ஆபரேட்டர் அவர். இருபத்தாறு வருஷ உத்தியோகம். அங்கிருந்து பார்த்தால் கீழே நிற்கும் மனிதர்கள் எல்லாரும் கட்டைவிரல் உயரம்தான். அந்த நினைப்பு அவர் தலைக்குள்ளும் கொஞ்சம் ஏறியிருந்தது என்பதை மறைப்பானேன்.

கூண்டில் எல்லா வசதியும் உண்டு, ஒன்றைத் தவிர. சிறுநீர் கழிக்க இறங்கி ஏறினால் அரைமணி நேரம் போய்விடும். ஆகவே மனிதர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒரு வாய். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு பீற்றிக்கொள்வார். உடம்பு அந்தச் சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்ளவில்லை. சிறுநீரகத்தில் கல் வந்தது, எடுத்தார்கள். மறுபடியும் வந்தது, மறுபடியும் எடுத்தார்கள். இரண்டாம் தடவை உள்ளே பட்ட காயம் ஆறும்போது குழாய் சுருங்கிவிட்டது.

"இடது சிறுநீரகத்துல இருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்குற குழாய்ல ஒரு இடம் நூல் மாதிரி ஆயிடுச்சு. சிறுநீர் இறங்க வழியில்லாம மேலயே தேங்குது" என்றார் அறுவை சிகிச்சை டாக்டர், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி. "உங்க வலது சிறுநீரகம் ஏற்கெனவே பாதிதான் வேலை செய்யுது. இடதும் போச்சுன்னா ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின்தான் கதி."

வழி இரண்டு இருந்தது. விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளம் திறந்து, சுருங்கிய துண்டை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பது ஒன்று. அதே வேலையை நாலு சின்ன ஓட்டை போட்டு ரோபோ மூலம் செய்வது இன்னொன்று. பலன் ஏறக்குறைய ஒன்றுதான், ரோபோ என்றால் வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

உச்சாணி பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு வெளியே வந்தார்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி எதையும் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் பேசுவாள். பஸ் நிறுத்தத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என்னங்க, மெஷின் தானா ஒண்ணும் செய்யாதாம். டாக்டர் ஓரமா உட்கார்ந்து ரெண்டு கைப்பிடியை அசைப்பாராம், உள்ள கத்தியும் ஊசியும் அதே மாதிரி அசையுமாம். நீங்க பண்ற வேலைதாங்க. இதுக்குப் போய்ப் பயப்படலாமா?"

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவருக்குக் குலை நடுங்கிப் போயிற்று.

விஷயம் ஐந்து வருஷம் பழையது. தூக்கிய பெட்டிக்கு நேர் அடியில் என்ன இருக்கிறது என்று கூண்டிலிருந்து தெரியாது. அதற்காகக் கீழே ஒருவர் நின்று கையால் சைகை காட்டுவார். வேலை தொடங்குமுன் ஆபரேட்டர் அவர் எதிரே போய் நிற்பார். இருவரும் முகத்துக்கு முகம் பார்த்து உள்ளங்கையைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள். தூக்கிய கை என்றால் நிறுத்து. பெருக்குகிறவர் தூக்கினாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும், மறுபேச்சுக் கிடையாது.

அன்று ஒரு பெட்டிதான் பாக்கி. சங்கிலி மாட்டிக்கொண்டதென்று சைகைக்காரர் ஒரு காலைப் பெட்டிக்கு அடியில் வைத்துக் குனிந்து, கையைத் தூக்கினார். உச்சாணி அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். இன்னும் நாலு விரற்கடைதானே என்று இறக்கிவிட்டார்.

கைப்பிடியில் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் அவரால் மறக்க முடியாதது. ஒரு மனிதனின் பாதம் நொறுங்கியிருக்கிறது, மேலே அவர் விரல்களுக்கு ஒரு சின்ன அதிர்வுகூட வரவில்லை. விசாரணையில், "சைகை லேட்டா வந்தது" என்று மென்று விழுங்கினார். கட்டிலில் படுத்திருந்த சைகைக்காரர், "ஒருவேளை லேட்டாத்தான் தூக்கினேனோ என்னவோ" என்று சொல்லிவிட்டார். இப்போது அவர் துறைமுக வாசலில் கோலை ஊன்றிக்கொண்டு வண்டி எண் குறிக்கிறார். உச்சாணி தினமும் அந்த வாசலைக் குனிந்த தலையோடு கடக்கிறார்.

அடுத்த முறை டாக்டரிடம் போனதும், "திறந்தே பண்ணிடுங்க" என்றார்.

"ஏன்?"

"உள்ள ஏதாவது இழுத்துப் பிடிச்சா உங்க கைக்குத் தெரியுமா?"

டாக்டர் பூசி மெழுகவில்லை. "நான் வச்சிருக்கிற மெஷின்ல தெரியாது. நூல் எவ்வளவு இழுபடுது, சதை எங்க வெளுக்குதுன்னு கண்ணால பார்த்துத்தான் செய்வேன்."

"கண்ணுக்குப் படாத இடத்துல?"

"உங்க பக்கத்துல இன்னொரு டாக்டர் நிப்பாங்க. அவங்க பார்த்துப்பாங்க."

"அவங்க நிறுத்துன்னு சொன்னா நிறுத்துவீங்களா?"

"கண்டிப்பா" என்றார் டாக்டர். கொஞ்சம் வேகமாகவே சொன்னார். உச்சாணியும் அந்தக் காலத்தில் அப்படித்தான் வேகமாகச் சொல்வார். பயம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்து, "சரி, ரோபோவே இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

அறுவை அன்று தள்ளுவண்டியில் படுத்தபடி உள்ளே போனார். அறை ஜில்லென்று இருந்தது. ஒரு பக்கம் நாலு கைகளோடு அந்த மெஷின், பாலிதீன் உறை போட்டு நின்றது. எதிர்மூலையில் ஒரு இருக்கை, தலையை நுழைத்துப் பார்க்க ஒரு பெட்டி, இரண்டு கைப்பிடிகள். கூண்டைக் கழற்றி இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"பக்கத்துல நிக்கப் போறவங்க யாரு?"

முகமூடி போட்ட ஒரு பெண் முன்னே வந்தாள். முப்பது வயதைத் தாண்டியிருக்காது.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க நிறுத்துன்னா அவர் நிக்கணும். அவர் நிக்கலைன்னா கத்துங்க." மூலையிலிருந்த கைப்பிடிகளைக் காட்டினார். "நானும் கைப்பிடி பிடிக்கிறவன்தான். கீழ ஒருத்தர் கையைத் தூக்கினார். நான் பார்த்துக்கிட்டே நிறுத்தாம விட்டேன். அவர் கால் போச்சு."

ஐந்து வருஷத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். பிறகு அவர் தன் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பெண்ணும் தூக்கினாள். மூலையிலிருந்து எழுந்து வந்த டாக்டர், என்ன நினைத்தாரோ, அவளைப் பார்த்துத் தன் கையைத் தூக்கினார். அதற்குள் மயக்க மருந்து ஏறிவிட்டது.

விழித்ததும் அவர் கை தானாக விலாவைத் தேடிப் போயிற்று. நாலு சின்ன பிளாஸ்திரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டு. போச்சு, சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

டாக்டர் வந்து கட்டிலோரம் நின்றார். "ரோபோலதான் ஆரம்பிச்சேன். பழைய தழும்பு பயங்கரமா ஒட்டிக்கிட்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தானே, பிரிச்சிடலாம்னு நினைச்சேன். அவங்க நிறுத்துங்கன்னாங்க. என் கண்ணுக்குத் தப்பா ஒண்ணும் தெரியல."

"அப்புறம்?"

"நிறுத்திட்டேன். மெஷினை விலக்கிட்டுத் திறந்தோம். நான் வெட்டப்போன இடத்துக்கு அடியிலயே பெரிய ரத்தக்குழாய் ஒட்டிக்கிட்டு இருந்தது." டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "குழாயைச் சேர்த்துத் தச்சாச்சு. தச்ச இடம் ஒட்டிக்காம இருக்க உள்ள ஸ்டென்ட்னு ஒரு மெல்லிய குழல் வச்சிருக்கோம், ஆறு வாரத்துல எடுத்துடலாம். சிறுநீரகம் பத்திரமா இருக்கு."

உச்சாணி அந்தக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். வலிக்கிறது போலிருக்கிறது என்று மனைவி நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

மூன்றாம் நாள் மதியம் அவர் கேட்டுக்கொண்டபடி மனைவி அந்தப் பழைய சைகைக்காரரை, இப்போதைய வாசல்காரரை, அழைத்து வந்தாள். நடைபாதையில் கோல் ஊன்றும் சத்தம் நெருங்க நெருங்க உச்சாணிக்கு வியர்த்தது. அறுவை அறையில்கூட இவ்வளவு பயந்ததில்லை.

"எப்படிண்ணே இருக்கீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் வாசல்காரர்.

"தம்பி, அன்னிக்கு நீ நேரத்துக்குத்தான் கையைத் தூக்கின. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் இறக்கினேன்."

வாசல்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும், திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று உச்சாணி காத்திருந்தார்.

"அஞ்சு வருஷமாண்ணே" என்றார் கடைசியில், மெதுவாக. "வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு கையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். எவ்வளவு லேட்டா தூக்கியிருப்பேன்னு."

கோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். எழுந்து போகவில்லை.