மழையில் கரைந்த சீட்டுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலுக்குப் பின்புறம் நடந்த அகழாய்வில் எனக்குத் தற்காலிகப் பதிவாளர் வேலை. சினிமாவில் தொல்லியல் அறிஞர் என்றால் தொப்பி, டார்ச் விளக்கு, பாம்பு, கடைசியில் தங்கச் சிலை. எங்களுக்குக் கிடைத்தது பானை ஓடு. இன்னும் ஆழமாகத் தோண்டினால் இன்னும் பானை ஓடு. தினமும் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்க்கும் நெசவாளர் ஒருவர், "இன்னா சார், புதையல் வந்துச்சா? இல்ல, இன்னிக்கும் சட்டிதானா?" என்பார்.

எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரிந்தால்தான் ஓட்டுக்கு வயது சொல்ல முடியும்; தெரியாவிட்டால் அது வெறும் குப்பை. அதனால் அடுக்குக்கு ஒரு கூடை, கூடைக்கு ஒரு சீட்டு. சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது விதி. விதிகளை எல்லோருக்கும் ஒப்பித்துக்கொண்டிருந்த நான், என் கையெழுத்தின் அழகு பென்சிலில் எடுபடாது என்று பேனாவால் எழுதினேன்.

ஒரு மதியம் நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் மழை கொட்டியது. திரும்பி வந்தால் ஏழு சீட்டுகளிலும் நீலக் கறைதான். மூன்று வார உழைப்பு. மாலையில் அகழாய்வை நடத்தும் அதிகாரி வருகிறார். வேலை போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன்.

மண் சுமக்கும் பெண் ஒருவர், என் வயதுதான் இருக்கும், "ஏன் சார் இப்படி குந்திக்கினு இருக்கீங்க?" என்றார். சொன்னேன்.

"அதுக்கா? செவப்பு மேல் மண்ணு. மஞ்சா அதுக்குக் கீழ. பச்ச கட்டினது சாம்ப மண்ணு" என்று கூடைகளைச் சாய்த்துக் காட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நிறத்தில் பட்டு நூல். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஓட்டைக் கூடை மாற்றிப் போட்டுவிடக் கூடாதே என்று, பக்கத்துத் தறி வீட்டில் விழும் துண்டு நூலை அடையாளமாகக் கட்டியிருக்கிறார். முன்பு கைப்பிடியில் கட்டியிருந்தபோது, அரசாங்கக் கூடையில் குப்பை கட்டாதே என்று அவிழ்க்கச் சொன்னவன் நான்.

"நீங்க கத்துவீங்கன்னுதான் அடியில கட்டினேன். ஏழு கூடைய நாபகம் வச்சிக்க நான் இன்னா மிஷினா சார்?"

அதிகாரியிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் தன் குறிப்பேட்டில் இருந்த அடுக்கு விவரங்களோடு ஒவ்வொரு கூடையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுகூட மாறவில்லை. "நாளையிலிருந்து பென்சில். நூலும் இருக்கட்டும்" என்றார்.

என் வேலை தப்பியது. பின்னர் நிரந்தரமும் ஆனது. அறிக்கையின் நன்றிப் பக்கத்தை எழுதியவன் நானே. கூலியாட்களின் பெயரைப் போடும் வழக்கமில்லை என்று அந்தப் பெண்ணை விட்டுவிட்டேன். கையெழுத்தின் அழகுக்காக விதியை மீறியவனுக்கு, நன்றிக்காக ஒரு வழக்கத்தை மீறத் தோன்றவில்லை. நான் வாங்கும் ஓய்வூதியம் அவர் காப்பாற்றிக் கொடுத்தது என்று, அன்று எழுதாமல் விட்ட அந்த வரியை இப்போது எழுதுகிறேன்.