லெய்த்துவின் அம்பு

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி முடித்ததும் வெடுக்கென்று தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள் லெய்த்து. பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த யாரோ ஒரு பெண், வழிமறிக்கப்பட்டு விழிக்கிறாள்.

"என்ன பாத்தே, சொல்லு."

"பூ."

"வேற?"

"நெறைய பூ."

லெய்த்து நகத்தைக் கடிக்கத் தொடங்குகிறாள்.

அந்தப் பூக்களை வரைந்தவர் பஸ் ஓட்டும் ஃபலானிகோ. ரொட்டி விற்கும் நான், அவர், இன்னும் ஆறு பேர், வியாழன்தோறும் தேவாலயக் கூடத்தில் லெய்த்துவிடம் படத்தால் பேசப் பழகுகிறோம். பஸ்ஸுக்கும் கடைக்கும் பெயர் எழுதிப் பிழைப்பவள் அவள். எங்கள் முதல் வேலையே ஊருக்கான சுனாமி எச்சரிக்கைத் தாள்.

"வெத்தெடம் விட்டா கஞ்சன்னு சொல்லுவாங்க டீச்சர்" என்றார் ஃபலானிகோ.

"விருந்தாளி தட்டுல கிழங்கைக் குமிச்சு வைங்கண்ணே, தாள்ல வேணாம். உங்க பூவை எண்ணி முடிக்கிறதுக்குள்ள அலை வந்து அள்ளிட்டுப் போயிரும்."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. போன முறை வந்த அலையில் அக்காவைப் பறிகொடுத்தவள்.

கடைசியில் எழுத்தே இல்லாத தாள் ஒன்று தேறியது. ஓடும் மனிதன், வலப்பக்கம் காட்டும் தடித்த அம்பு, அவ்வளவுதான். அறுபது பிரதி அச்சடித்தோம். எங்கள் வீடுகளுக்குச் சுவர் ஏது? கூரையும் தூணும்தான். எல்லோரும் சாலையைப் பார்த்த தூணில் கட்டினார்கள்.

சனிக்கிழமை காலை ஒத்திகை மணி அடித்தது. சாலைக்கு மலைப்பக்க வரிசை வீட்டுக்காரர்கள் மேட்டுப் பாதைக்குப் போனார்கள். எதிர்ப்பக்கம், கடலோர வரிசைக்காரர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றின் முகத்துவாரத்துக்கு நடந்தார்கள்.

"ஏய் சவேலினா, எங்க போறே, நண்டு பிடிக்கவா?" என்று கத்தினார் ஃபலானிகோ.

"உங்க அம்புதான்யா சொல்லுது! வலது கைப்பக்கம்தானே காட்டுது?"

சாலையிலிருந்து மலைப்பக்கத் தூணைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் மேடு. திரும்பிக் கடல்பக்கத் தூணைப் பார்த்தால் அதே வலது கைப்பக்கம் ஆறு. எங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. லெய்த்துவின் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் சரின்னு சொன்னேன், நான்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த வாரம் புதுசா அச்சடிச்சுக்கலாம் டீச்சர்" என்று சமாதானம் சொன்னார் ஃபலானிகோ.

"அலைகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே, அடுத்த வாரம் கழிச்சு வான்னு?"

லெய்த்து, சவேலினா வீட்டுத் தூணில் இருந்த தாளை அவிழ்த்து, தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். இப்போது அம்பு மேட்டைக் காட்டியது.

"ஆளு காலை மேல வச்சுக்கிட்டு ஓடுறானே!" என்றார் ஃபலானிகோ.

அவள் கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கி முடிச்சிட்டாள். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுத் தூணுக்கு ஓடினாள்.